முகப்பு விளக்கு மங்கல் நீக்கம்

முகப்பு விளக்கு மங்கல் நீக்கம் என்பது, மகிழுந்து முதலிய தானுந்துகளின் முகப்பு விளக்குகளை மூடியிருக்கும் நெகிழி மூடி வெயிலாலும் தேய்மானத்தாலும் மஞ்சளித்து மங்கும்போது, அதன் பழுதடைந்த மேற்படலத்தைத் தேய்த்து நீக்கி, மெருகேற்றி, புதிய காப்புப் பூச்சு இட்டு மீண்டும் தெளிவுறச் செய்யும் முறையாகும். இதனைப் பட்டறைகளில் கட்டணம் பெற்றுக்கொண்டு செய்கின்றனர். எளிய கருவிகளைக் கொண்டு வீட்டிலும் செய்யலாம். இரண்டு விளக்குகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மணி நேரம் தேவைப்படும். பூச்சு உலர்வதற்கான நேரம் இதில் அடங்காது.

மங்கிய விளக்கு வண்டியின் தோற்றத்தைக் கெடுப்பதுடன் இரவில் ஓட்டுநரின் பார்வைத் தொலைவையும் குறைக்கிறது. ஆகவே இது அழகுக்கான பணி என்பதைவிடப் பாதுகாப்புக்கான பணியாகவே கருதப்படவேண்டும்.

வரலாறு

தானுந்துகளின் முகப்பு விளக்குகள் நெடுங்காலம் கண்ணாடி மூடிகளையே கொண்டிருந்தன. ஐக்கிய அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு முதல், இழை, எதிரொளிப்பான், கண்ணாடி மூடி ஆகிய மூன்றும் ஒன்றாக அடைக்கப்பட்ட 7 அங்குல வட்ட விளக்குகள் பொது வழக்காயின. இழை அறுந்தால் விளக்கு முழுவதும் மாற்றப்படும். எனவே மூடி பழையதாகி மங்குவதற்கு வாய்ப்பே இல்லாதிருந்தது. இந்தியாவில் 2014ஆம் ஆண்டு வரை உற்பத்தி செய்யப்பட்ட அம்பாசடர் மகிழுந்தின் வட்ட விளக்குகளும் கண்ணாடி மூடி கொண்டவையே. கண்ணாடி கல்லடி பட்டால் உடையும். ஆனால் வெயிலில் மஞ்சளிப்பதில்லை.

பாலிகார்பனேட்டு என்னும் நெகிழியை 1953ஆம் ஆண்டில் செருமனியின் பேயர் நிறுவனத்தைச் சேர்ந்த எர்மன் சுனெல், அமெரிக்காவின் செனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த டேனியல் பாக்சு ஆகிய இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தனர். இது முறையே மேக்ரோலான், லெக்சான் என்னும் வணிகப் பெயர்களில் விற்பனைக்கு வந்தது.

ஃபோர்டு நிறுவனத்தின் வேண்டுகோளையடுத்து 1983ஆம் ஆண்டில் அமெரிக்க விளக்கு விதிகள் தளர்த்தப்பட்டன. குமிழை மட்டும் மாற்றத்தக்க, வண்டியின் வடிவத்திற்கு ஏற்ப வளைந்த நெகிழி மூடி கொண்ட விளக்குகள் அனுமதிக்கப்பட்டன. 1984ஆம் ஆண்டு மாதிரியான லிங்கன் மார்க் 7 இத்தகைய விளக்குகளுடன் வெளிவந்தது. ஐரோப்பாவில் 1990களில் நெகிழி மூடிகள் பரவின. இன்று உற்பத்தியாகும் மகிழுந்துகளில் ஏறத்தாழ அனைத்தும் பாலிகார்பனேட்டு மூடிகளையே கொண்டுள்ளன.

பாலிகார்பனேட்டு தேர்ந்தெடுக்கப்பட்டதற்குரிய காரணங்கள்:

* கண்ணாடியின் அடர்த்தி ஏறத்தாழ 2.5 கிராம்/கன செ.மீ. ஆகும். பாலிகார்பனேட்டின் அடர்த்தி ஏறத்தாழ 1.2 மட்டுமே. எனவே எடை பாதியாகக் குறைகிறது.
* கல்லடி பட்டால் எளிதில் உடைவதில்லை.
* உருக்கி அச்சில் வார்த்து எவ்வடிவத்திலும் செய்யலாம்.
* ஏறத்தாழ 147 பாகை செல்சியசில்தான் இளகத் தொடங்குவதால் விளக்கின் வெப்பத்தைத் தாங்கும்.

வண்டியின் பின்புற விளக்குகள் பெரும்பாலும் அக்ரிலிக்கு நெகிழியால் ஆனவை. அக்ரிலிக்கு வெயிலை நன்கு தாங்கும். எனினும் வெப்பத்தையும் மோதலையும் பாலிகார்பனேட்டு அளவுக்குத் தாங்காது. ஒரே வண்டியில் பின் விளக்குகள் தெளிவாக இருக்க, முகப்பு விளக்குகள் மட்டும் மஞ்சளிப்பதற்கு இவ்வேறுபாடே முதன்மைக் காரணம் ஆகும்.

மங்கலுக்கான காரணங்கள்

புற ஊதாக் கதிர்

பாலிகார்பனேட்டின் மூலக்கூறுச் சங்கிலிகள் சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களை உறிஞ்சுகின்றன. அதனால் சில பிணைப்புகள் அறுந்து வேறு வடிவில் மீண்டும் இணைகின்றன. காற்றிலுள்ள ஆக்சிசனும் இவ்வினையில் சேர்ந்துகொள்கிறது. இவ்வாறு தோன்றும் புதிய சேர்மங்கள் நீல ஒளியை உறிஞ்சுவதால் மூடி மஞ்சளாகத் தெரிகிறது. சங்கிலிகள் குட்டையாவதால் மேற்பரப்பு நொறுங்கும் தன்மை பெற்று நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன.

புற ஊதாக் கதிர் நெகிழியினுள் ஆழமாகச் செல்வதில்லை. மூடியின் தடிப்பு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இருக்கும். சிதைவோ மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு ஆழத்திற்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதன் அடியில் உள்ள நெகிழி பழுதின்றி இருக்கும். மங்கல் நீக்கம் என்னும் முறை பயன் தருவதற்கு இதுவே அடிப்படை.

காப்புப் பூச்சின் அழிவு

பாலிகார்பனேட்டு எளிதில் கீறல் படும் பொருள். வெயிலையும் நெடுநாள் தாங்காது. எனவே தொழிற்சாலையிலேயே மூடியின் வெளிப்புறத்தில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் கடினப் பூச்சு ஒன்று இடப்படுகிறது. இது சில மைக்ரோமீட்டர் தடிப்புள்ள அக்ரிலிக்கு அல்லது சிலிக்கோன் படலம் ஆகும். அமெரிக்க விதிகளின்படி மூடிக்குரிய நெகிழிப் பொருட்கள் புளோரிடா, அரிசோனா ஆகிய இரு மாநிலங்களின் திறந்தவெளியில் 3 ஆண்டுகள் வைத்துச் சோதிக்கப்படுகின்றன. ஆனால் ஒரு மகிழுந்து 10, 15 ஆண்டுகளும் அதற்கு மேலும் ஓடுகிறது. பூச்சு முதலில் விளக்கின் மேல்விளிம்பில், வெயில் நேராக விழும் இடத்தில், வெடித்து உரியத் தொடங்கும். பூச்சு போன பின் அடியிலுள்ள நெகிழி விரைந்து மஞ்சளிக்கும்.

பிற காரணங்கள்

சாலையில் பறக்கும் மணலும் சிறு கற்களும் மூடியில் நுண்ணிய குழிகளை உண்டாக்குகின்றன. உலர்ந்த தூசியைத் துணியால் அழுத்தித் துடைப்பதும் அவ்வாறே கீறலை விளைவிக்கும். பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த துடைப்பு நீர்மங்கள் ஆகியவை பாலிகார்பனேட்டைத் தாக்கும். வெயிலில் நிறுத்தப்படும் வண்டிகளின் விளக்குகள், கூரையின் கீழ் நிறுத்தப்படுபவற்றைவிட விரைவில் மங்குகின்றன. ஒரு பக்கம் சுவரோ மரமோ நிழல் தருமாறு நாள்தோறும் நிறுத்தப்படும் வண்டியில் ஒரு விளக்கு மட்டும் கூடுதலாக மஞ்சளித்திருப்பதும் உண்டு.

பாதுகாப்பில் இதன் விளைவு

மங்கிய மூடி ஒளியை இரு வகையில் வீணாக்குகிறது. ஒரு பகுதி மஞ்சள் படலத்தில் உறிஞ்சப்படுகிறது. மற்றொரு பகுதி வெடிப்புகளிலும் கீறல்களிலும் பட்டுச் சிதறுகிறது. சிதறிய ஒளி சாலையில் விழாமல் எதிரே வருவோரின் கண்களில் விழுகிறது. ஆகவே அவ்வண்டியின் ஓட்டுநர் குறைவாகக் காண்பதோடு, எதிரே வரும் ஓட்டுநரும் கூச்சத்தால் குறைவாகவே காண்கிறார். தெருவிளக்கு இல்லாத சாலைகளில் நடந்து செல்வோரும் மிதிவண்டியில் செல்வோரும் இதனால் இடருக்கு ஆளாகின்றனர்.

அமெரிக்கத் தானுந்துச் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு முடிவுகளின்படி, நன்கு மங்கிய விளக்குகள் புதிய விளக்குகள் தரும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே தந்தன. மங்கல் நீக்கம் செய்த பின் ஒளி, புதிய விளக்கின் அளவில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. விளக்கையே புதிதாக மாற்றினால் முழு ஒளியும் திரும்பக் கிடைக்கும். மங்கல் குறைந்த செலவில் பெருமளவு நீங்கும் என்பதையும், அது புதிய விளக்குக்கு நிகராகாது என்பதையும் இவ்வெண்கள் காட்டுகின்றன.

மங்கிய மூடிக்குப் பின்னே கூடுதல் ஆற்றலுள்ள குமிழைப் பொருத்துவது தீர்வாகாது. சிதறும் ஒளியே மிகும். வெப்பம் கூடுவதால் மூடியும் எதிரொளிப்பானும் கெடவும் கூடும்.

தொடங்குமுன் செய்யவேண்டிய ஆய்வு

* மூடி கண்ணாடியா, நெகிழியா என அறிதல். விரல் நகத்தால் தட்டினால் கண்ணாடி கணீரென்றும் நெகிழி மந்தமாகவும் ஒலிக்கும். கண்ணாடி மூடிக்கு இங்குக் கூறப்படும் முறை பொருந்தாது.
* மங்கல் வெளிப்புறத்தில் உள்ளதா, உட்புறத்தில் உள்ளதா என அறிதல். மூடியை நீரால் நனைத்தால் வெளிப்புற மங்கல் அந்நேரம் மறைந்து, உலர்ந்ததும் திரும்ப வரும். நனைத்தும் மாறாத மங்கல் உட்புறத்தில் இருக்கக்கூடும்.
* உள்ளே நீர்த்துளிகள் உள்ளனவா எனப் பார்த்தல். விளக்கின் ஒட்டு விட்டுப்போனாலோ காற்றுத் துளைகள் அடைபட்டாலோ ஈரம் தங்கும். இதனை வெளியே தேய்த்து நீக்க இயலாது.
* எதிரொளிப்பானின் பளபளப்பான படலம் கருகியோ உரிந்தோ இருந்தால் மூடியைத் தெளிவாக்கியும் பயன் குறைவே.

தேவையான பொருட்கள்

* தேய்ப்புத் தாள்கள்: 800 அல்லது 1000, 1500, 2000, 3000 ஆகிய எண்கள். நீர் சேர்த்துத் தேய்ப்பதற்குரிய கருநிறத் தாளே வேண்டும். இது தமிழ்நாட்டு வன்பொருள் கடைகளிலும் வண்ணக் கடைகளிலும் "வாட்டர் பேப்பர்" என்ற பெயரில் கிடைக்கும். மரவேலைக்கான உப்புத்தாள் பயன்படாது.
* வண்ணப் பூச்சு வேலைக்கான மறைப்பு ஒட்டுநாடா
* வாளி நீர், சிறிதளவு சவர்க்காரக் கரைசல், நீர் தெளிப்பான்
* நெகிழிக்கேற்ற மெருகுப் பசை
* மென்மையான நுண்ணிழைத் துணிகள்
* ஐசோபுரோப்பைல் ஆல்ககால்
* புற ஊதாக் கதிரைத் தடுக்கும் காப்புப் பூச்சு
* கையுறை, கண்ணாடி, முகமூடி

செய்முறை

1. கழுவுதல்: விளக்கையும் அதனைச் சுற்றியுள்ள பகுதியையும் சவர்க்கார நீரால் கழுவி மணல், தார், பூச்சிக் கறை ஆகியவற்றை நீக்கவேண்டும். ஒரு மணல் துகள் எஞ்சினாலும் தேய்க்கும்போது ஆழமான கீறலை உண்டாக்கும். விளக்கு அணைக்கப்பட்டு ஆறியிருக்கவேண்டும்.

2. மறைத்தல்: விளக்கைச் சுற்றியுள்ள வண்ணப்பகுதி, முட்டுத்தாங்கி ஆகியவற்றை ஒட்டுநாடாவால் இரண்டு, மூன்று அடுக்காக மறைக்கவேண்டும். தேய்ப்புத் தாள் ஒரு முறை பட்டாலும் வண்டியின் வண்ணம் கெடும்.

3. முதல் தேய்ப்பு: தாளைச் சில நிமிடங்கள் நீரில் ஊறவைத்து, மூடியையும் நனைத்து, 800 அல்லது 1000 எண் தாளால் இடவலமாக ஒரே திசையில் சீரான அழுத்தத்துடன் தேய்க்கவேண்டும். மங்கல் குறைவாயின் 1500இலிருந்து தொடங்கலாம். முதலில் மஞ்சள் நிறக் குழம்பு வடியும். பழைய பூச்சு முழுவதும் நீங்கியதும் வடியும் நீர் வெண்மையாகும். அதுவரை தேய்க்கவேண்டும். பழைய பூச்சு திட்டுத் திட்டாக எஞ்சினால் புதிய பூச்சு அங்கு ஒட்டாமல் உரியும்.

4. அடுத்தடுத்த தேய்ப்பு: 1500, 2000, 3000 என வரிசையாகத் தேய்க்கவேண்டும். ஒவ்வொரு முறையும் முந்தைய திசைக்குக் குறுக்காகத் தேய்த்தால், முந்தைய தாளின் கோடுகள் மறைந்தனவா என எளிதில் காணலாம். தாளை மாற்றும்போதெல்லாம் நீரூற்றிக் கழுவி, துடைத்து உலர்த்திப் பார்க்கவேண்டும். ஈரமாக இருக்கையில் கீறல்கள் கண்ணுக்குத் தெரியமாட்டா. ஓர் எண்ணைத் தாண்டிச் சென்றால் எஞ்சும் கீறல் மெருகேற்றும்போதுதான் வெளிப்படும். அப்போது மீண்டும் பின்னோக்கிச் செல்ல நேரிடும்.

5. மெருகேற்றல்: மெருகுப் பசையைத் துணியில் எடுத்துச் சிறு வட்டங்களாகத் தேய்க்கவேண்டும். மின்துளைப்பானில் பொருத்தும் பஞ்சு வட்டைப் பயன்படுத்துவோர் குறைந்த வேகத்தில், ஓரிடத்தில் நில்லாமல் நகர்த்தவேண்டும். உராய்வு வெப்பம் மிகுந்தால் நெகிழி இளகி, நீக்க முடியாத தழும்பு உண்டாகும். பூச்சாக இடும் பொருளின் குறிப்பு, மெருகேற்றாமல் நேராகப் பூசும்படி கூறினால் இப்படியை விட்டுவிடவேண்டும். சில பூச்சுகள் சற்றுச் சொரசொரப்பான பரப்பிலேயே நன்கு பற்றும்.

6. துப்புரவு: பசையில் உள்ள எண்ணெய் எஞ்சியிருந்தால் பூச்சு ஒட்டாது. ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் துடைத்து முற்றாக உலரவிடவேண்டும். அதன்பின் விரல் படலாகாது. அசிட்டோன், பெட்ரோல், தின்னர் ஆகியவற்றால் துடைக்கவே கூடாது. அவை பாலிகார்பனேட்டை வெளுக்கச் செய்யும், நுண்வெடிப்புகளையும் உண்டாக்கும்.

7. காப்புப் பூச்சு: தூசியும் காற்றும் இல்லாத இடத்தில், நேர்வெயில் படாமல், மெல்லிய படலங்களாக இடவேண்டும். ஒரே தடவையில் தடிப்பாக இட்டால் வழிந்து கோடாகும். உலரும் வரை மழையும் பனியும் படாமல் காக்கவேண்டும். புற ஊதாக் கதிரால் இறுகும் வகைப் பூச்சை மட்டும் பூசியபின் வெயிலில் வைக்கவேண்டும்.

தேய்ப்பதால் தெளிவு உண்டாவது எங்ஙனம்

கீறலை நீக்க மேலும் கீறுவது முரணாகத் தோன்றலாம். தேய்ப்புத் தாளின் எண் கூடக் கூட அதன் துகள் சிறிதாகிறது. ஐரோப்பியத் தரத்தில் 1000 எண் தாளின் துகள் ஏறத்தாழ 18 மைக்ரோமீட்டர். 2000 எண் தாளின் துகள் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரை ஆகும். கீறல் இவ்வலைநீளத்தைவிடப் பெரிதாக இருக்கும் வரை ஒளி சிதறும். பரப்பு வெண்மையாகத் தெரியும். மெருகுப் பசையின் நுண்துகள்கள் கீறலை அலைநீளத்தின் அளவுக்கும் அதற்குக் கீழும் கொண்டுவரும்போது சிதறல் நின்று பரப்பு தெளிகிறது.

கீறலை நிரப்புவது மற்றொரு வழி. பாலிகார்பனேட்டின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.58, காற்றின் எண் 1. இவ்விரண்டிற்கும் உள்ள பெரிய வேறுபாடே சிதறலுக்குக் காரணம். கீறலில் ஒளிவிலகல் எண் 1.33 உடைய நீர் நிரம்பினால் வேறுபாடு குறைந்து மூடி தெளிவாகத் தெரிகிறது. ஏறத்தாழ 1.5 எண்ணுடைய தெளிபூச்சு நீரைவிட நன்றாக இதைச் செய்து, நிலையாகவும் தங்குகிறது. மெருகேற்றாத, வெண்மையாகத் தோன்றும் மூடியும் பூச்சு பட்டவுடன் தெளிவது இதனாலேயே.

காப்புப் பூச்சின் இன்றியமையாமை

தேய்க்கும்போது மஞ்சள் படலத்துடன் எஞ்சியிருந்த தொழிற்சாலைப் பூச்சும் போய்விடுகிறது. காப்பின்றி விடப்படும் மூடி சில மாதங்களிலேயே மீண்டும் மங்கக்கூடும். முதன்முறை பல ஆண்டுகள் எடுத்துக்கொண்ட மங்கல் இம்முறை அவ்வளவு காலம் எடுத்துக்கொள்வதில்லை. எனவே பூச்சு இடும் எண்ணம் இல்லையெனில் தேய்க்கத் தொடங்காமலிருப்பதே நன்று.

வழக்கிலுள்ள காப்பு வகைகள்:

* மெழுகு: பூசுவது எளிது. மழையிலும் கழுவுதலிலும் விரைவில் போய்விடும். சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் பூசவேண்டும்.
* மரத்திற்கான வெளிப்புற யூரித்தேன் வார்னிசு: படகுகளுக்குப் பூசும் இவ்வகையை மினரல் டர்பன்டைனுடன் சம அளவு கலந்து துணியால் பூசும் முறை வீட்டுப் பணியாளரிடையே பரவலானது. செலவு குறைவு. நாளடைவில் இதுவும் மஞ்சளிக்கும்.
* தெளிப்புக் குப்பியில் வரும் தெளிபூச்சு: புற ஊதாத் தடுப்பான் கலந்ததாக இருக்கவேண்டும்.
* இருகூட்டு யூரித்தேன் தெளிபூச்சு: வண்டிகளின் வண்ணத்தின் மேல் இடப்படுவது. நெடுநாள் நிற்கும். இதன் இறுக்கியில் ஐசோசயனேட்டு உள்ளது.
* புற ஊதாக் கதிரால் இறுகும் பூச்சு: வெயிலிலோ சிறப்பு விளக்கிலோ சில நிமிடங்களில் இறுகும்.
* காப்புப் படலம்: ஒளி ஊடுருவும் ஒட்டுப்படலம். கல்லடியையும் தடுக்கும். மூடி தெளிவாக்கப்பட்ட பின்னரே ஒட்டப்படவேண்டும்.

வழக்கிலுள்ள பிற முறைகள்

பற்பசை: பற்பசையில் கால்சியம் கார்பனேட்டு, நீரேற்றிய சிலிக்கா போன்ற மென்தேய்ப்புப் பொருட்கள் உள்ளன. இவை இலேசான மங்கலைக் குறைக்கும். ஆயினும் பற்பசையில் புற ஊதாத் தடுப்பான் இல்லை. ஆழமாகப் போன மஞ்சளையும் அது நீக்காது. எனவே பயன் குறுகிய காலத்திற்கே.

கொசு விரட்டி: டீட் என்னும் வேதிப்பொருள் அடங்கிய கொசு விரட்டி நெகிழியின் மேற்பரப்பை இளக்குவதால் கீறல்கள் நிரம்பித் தெளிந்ததுபோல் தோன்றும். உண்மையில் மேற்பரப்பு வலுவிழக்கிறது. வண்டியின் வண்ணத்தையும் இது கெடுக்கும்.

ஆவி மெருகு: கரைப்பான் ஒன்றைச் சூடாக்கி அதன் ஆவியை மூடியின்மேல் செலுத்தி மேற்பரப்பை உருக்கிச் சமன்செய்யும் முறை. விளைவு கண்ணைக் கவரும். ஆனால் இதில் பயன்படும் டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பான்கள் நச்சுத்தன்மை உடையவை. மிகச் சூடான பரப்பில் பட்டால் பாசுசீன் என்னும் கொடிய நச்சு வளியும் உண்டாகலாம். ஐக்கிய அமெரிக்கா 2019ஆம் ஆண்டில் டைகுளோரோமீத்தேன் அடங்கிய வண்ணநீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடை செய்தது. 2024ஆம் ஆண்டில் அதன் பயன்பாடுகளில் பெரும்பாலானவற்றையும் தடை செய்தது. இம்முறை வீட்டில் செய்யத்தக்கதன்று.

முன்னெச்சரிக்கைகள்

* உலர்ந்த நிலையில் தேய்த்தல் கூடாது. நெகிழித் தூள் மூச்சில் கலக்கும். மூடியிலும் ஆழமான கீறல் விழும்.
* இருகூட்டுப் பூச்சின் ஐசோசயனேட்டு ஆவியும் நுண்துளியும் ஆசுத்துமாவை உண்டாக்கக்கூடும். சாதாரணத் தூசி முகமூடி இதைத் தடுக்காது. உரிய மூச்சுக் காப்பும் காற்றோட்டமும் இல்லாதோர் பட்டறையை நாடுவதே தக்கது.
* மூடியின்மேல் வார்க்கப்பட்டுள்ள தர ஒப்புதல் குறிகளைத் தேய்த்து அழிக்கலாகாது.
* விளக்கைக் கழற்றிப் பொருத்த நேர்ந்தால், ஒளிக்கற்றை விழும் திசையையும் உயரத்தையும் மீண்டும் சரிபார்க்கவேண்டும்.

பேணல்

மங்கல் நீக்கிய விளக்கைத் தூசியுடன் துடைக்காமல் முதலில் நீரூற்றிக் கழுவவேண்டும். இயன்றவரை வண்டியை நிழலிலோ உறையிட்டோ நிறுத்துதல் நன்று. பூச்சின் மேல் அவ்வப்போது மெழுகு இடுவது அதன் வாழ்நாளை நீட்டிக்கும். மேல்விளிம்பில் மஞ்சள் மீண்டும் தோன்றுகிறதா என ஆண்டுக்கு ஓரிரு முறை பார்த்து, தொடக்கத்திலேயே பூச்சைப் புதுப்பித்தால் முரட்டுத் தாளால் தேய்க்கவேண்டிய தேவை எழாது.

விளக்கை மாற்றவேண்டிய நிலை

மூடியில் ஆழமான வெடிப்பு, உட்புறச் சிதைவு, ஒட்டு விட்டு நீர் புகுதல், எதிரொளிப்பான் கெடுதல் ஆகியவை இருப்பின் மங்கல் நீக்கம் தீர்வாகாது. ஏற்கெனவே பலமுறை தேய்க்கப்பட்ட மூடியும் மாற்றத்தக்கதே. வண்டி உற்பத்தியாளரின் விளக்கு விலை மிகுந்ததாயினும் ஒளி முழுமையாகக் கிடைக்கும். மேற்கூறிய 2018ஆம் ஆண்டு ஆய்வில், பிற நிறுவனங்கள் செய்த மாற்று விளக்குகள் அசல் விளக்கைவிடச் சற்றுக் குறைந்த ஒளியையே தந்தன. எனினும் அது மங்கல் நீக்கம் செய்த விளக்கின் ஒளியைவிடக் கூடுதலாகவே இருந்தது.

இவற்றையும் பார்க்கவும்

* பாலிகார்பனேட்டு
* புற ஊதாக் கதிர்
* ஒளிவிலகல் எண்
* ஒளிச்சிதறல்
* தேய்ப்புத் தாள்